இரண்டு கைக்குட்டைகள்

என் அக்காள் பெண்ணின் அரங்கேற்றம் மாலை ஆறு மணிக்கு. ஐந்தே கால் மணிக்கு அவள் ஒப்பனை அறையின் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னல் போட்டாகிவிட்டது, ராக்கொடியும் சூரியனும் சந்திரனும் தலையில் ஏறிவிட்டன, கண்ணுக்கு மை தீட்டியாகிவிட்டது. அழுதால் மை கரைந்துவிடும் என்று அழாமல் நிற்கிறாள் என்பது அவள் தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் போனேன். உதடு அசையாமல், "சித்தி, என்னால் ஆட முடியாது" என்றாள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் கற்றுக்கொண்ட பிறகு நடக்கும் அரங்கேற்றம். வர்ணத்தில் ஜதி மறந்துவிடும் என்ற பயமெல்லாம் அவளுக்குக் கிடையாது. புது உடுப்பை அன்றுதான் முதல் தடவையாகச் சலங்கையோடு போட்டுக்கொண்டு நாலு அடவு ஆடிப் பார்த்திருக்கிறாள். முதுகுப் பக்கம் முக்கால் அடிக்கு இறக்கி வெட்டிய ரவிக்கை. புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும் என்று தைத்தவர் சொன்னாராம். அக்காவும் தலையை ஆட்டிவிட்டாள். அந்த வெட்டுக்கு உள்ளே வழக்கமாகப் போடும் பாடியைப் போட்டால் பட்டை வெளியே தெரியும். ஆகவே ரவிக்கைக்குள்ளேயே இரண்டு 'கப்' வைத்துத் தைத்திருந்தார். நின்றால் சரியாக இருந்தது. உட்கார்ந்தாலும் சரியாக இருந்தது. அரைமண்டியிலிருந்து எழும்பிக் குதித்தால்தான் ரவிக்கை ஒரு பக்கம் போயிற்று, உடம்பு ஒரு பக்கம் போயிற்று.

"அதுதான் மேலாக்கு மறைக்கிறதே அம்மா" என்றேன்.

"மறைக்கும் சித்தி. ஆனால் எனக்குத் தெரியுமே" என்றாள்.

வெளியே மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அத்திம்பேர் வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். அக்கா கை நிறைய ஊக்குகளை வைத்துக்கொண்டு எங்கே குத்துவது என்று தெரியாமல் தவித்தாள். அந்த அறையில் பதறாமல் இருந்தவர் ஒருவர்தான். தலை பின்னுவதற்கென்று கூப்பிட்டிருந்த ஒரு வயதான அம்மாள். "ஊக்கு குத்தினா ஆடறப்ப நெஞ்சிலே இல்லே குத்தும்? அதை உள்ளே வையுங்க" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நகைகளைச் சுற்றி எடுத்து வந்திருந்த மல் துணியை உதறினார். நீளவாட்டில் மடித்து நாலு விரல் அகலத்துக்குப் பட்டையாக்கினார். மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி, முதுகு வெட்டு முடிகிற இடத்துக்கும் கீழாகக் கொண்டு போய் இறுக்கிப் பக்கவாட்டில் முடிந்தார். மீதித் துணியை இரண்டாகக் கிழித்து, முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போட்டுத் தூக்கி, ரவிக்கையின் தோள் தையலோடு சேர்த்துக் கறுப்பு நூலால் தைத்துவிட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். "குதி கண்ணு" என்றார். குதித்தாள். "இன்னும் ஓங்கிக் குதி." குதித்தாள். பிறகு சுவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தாள்.

அன்றைக்கு அவள் ஆடிய வர்ணத்தைப் பற்றி வந்திருந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். உடுப்பின் நிறத்தைப் பற்றியும் பேசினார்கள். நகை யார் கடையில் வாங்கியது என்று இரண்டு பேர் கேட்டார்கள். அந்த நாலு விரல் பட்டையைப் பற்றி யார் பேசுவார்கள்? தைத்துக் கொடுத்த அம்மாளின் பெயரைக் கூட நாங்கள் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை; கதை எழுதிப் பிழைக்கிற நானும் கேட்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்தச் சங்கதியைத் தேடப் புறப்பட்டேன். ஆடுகிற பெண் மேலே என்ன போட்டுக்கொண்டாள் என்பதை ஏடுகள் ஏராளமாகச் சொல்லும். உள்ளே எது அவளைத் தாங்கிற்று என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நம் வீட்டிலிருந்தே தொடங்கினேன். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்துக்கென்று ஒரு காதையே இருக்கிறது. மேடையின் நீளம், அகலம், உயரம், தூண்களின் நிழல் எங்கே விழ வேண்டும், திரை எப்படி அமைய வேண்டும் எல்லாம் உண்டு. பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் என்பது வரை கணக்கு இருக்கிறது. பின்னால் கடலாடு காதையில் மாதவி கால் விரலிலிருந்து தலை வரை பூண்ட அணிகலன்களை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறார். படித்துக்கொண்டு போனால் ஒரு நகைக் கடைக்குள் நுழைந்த மாதிரிதான். ஆனால் அரங்கில் ஏறி அவள் ஆடியபோது உடம்பை எது பிடித்திருந்தது என்ற கேள்வி அங்கே எழவில்லை. நம் பழைய பாட்டுக்களில் கச்சு வரும், வார் வரும், வம்பு என்ற சொல்லும் அந்தப் பொருளிலேயே வரும். வந்த உடனேயே அந்தக் கச்சு படுகிற பாட்டைப் பற்றிக் கவிராயர் வர்ணிக்கத் தொடங்கிவிடுவார். கட்டிக்கொண்டவள் படுகிற பாட்டைப் பற்றி மூச்சு இராது.

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்தில் ஓர் இடம் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆகாரியம் பற்றிய அத்தியாயத்தில், கனமான நகைகளைப் பூட்டினால் ஆடுகிறவர்கள் களைத்து மயங்கிப் போவார்கள். ஆகவே அரங்கத்துக்கான நகைகளை இலேசான பொருள்களால், அரக்கு முதலியவற்றால் செய்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நகைக்காரன் கண்ணோடு பார்க்காமல் ஆடுகிறவளின் மூச்சை நினைத்துப் பார்த்த ஒரு மனிதர் அன்றைக்கு இருந்திருக்கிறார்!

சிற்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம். நம் செப்புத் திருமேனிகளில் பெருமாளின் இரு பக்கமும் நிற்கும் தேவியரில் யார் ஸ்ரீதேவி, யார் பூதேவி என்று எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? மார்பில் கச்சு இருந்தால் ஸ்ரீதேவி, இல்லாவிட்டால் பூதேவி. குசபந்தம் என்பார்கள் சில்ப சாஸ்திரக்காரர்கள். பார்த்தால் ஒரு நாடா, அவ்வளவுதான். அது அடையாளத்துக்காக வைத்தது. செம்பு தானாகவே நிற்கும், அதற்குப் பிடிமானம் எதற்கு? சிதம்பரத்துக் கோபுரத்தில் நூற்றெட்டுக் கரணங்களும் செதுக்கியிருக்கின்றன. காலைத் தலைக்கு மேல் தூக்கிய கரணம் கூட உண்டு. கல்லாகப் பிறந்த நாட்டியக்காரிக்கு மூச்சும் வாங்குவதில்லை, முதுகும் வலிப்பதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படித்தபோதுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இராஜராஜன் ஊர் ஊராக உள்ள கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்தினான். 1014-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஒரு பங்குக்கு நூறு கலம் நெல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதே கல்வெட்டில் நட்டுவனார்கள், மத்தளம் வாசிப்பவர்கள், குடை பிடிப்பவர்கள், வண்ணார், நாவிதர், தட்டார் என்று கோயில் ஊழியர்கள் எல்லோரும் வருகிறார்கள். அவர்களிடையே தையற்காரர்களும் இருக்கிறார்கள்! நானூறு நாட்டியப் பெண்கள் குடியிருக்கும் இடத்தில், கோயில் சம்பளத்தில், ஊசியும் நூலுமாகத் தையற்காரர்கள். சுவாமிக்கும் விதானத்துக்கும் மட்டுமே தைத்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். நான் கதைக்காரி, ஒரு தளிச்சேரிப் பெண் சாயங்கால வேளையில் தையற்காரர் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் நின்று, "இந்தத் தோள் கொஞ்சம் வழுகுகிறதே" என்று சொல்வதை என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கு ஏழெட்டு நூற்றாண்டு கழித்து, எங்கோ பிரான்ஸில் இருந்த ஒருவர் என் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறார். ஆபே ரேனால் என்ற பாதிரியார். ஐரோப்பியர்கள் கீழ்த்திசையிலும் அமெரிக்காவிலும் நடத்திய வியாபாரத்தையும் குடியேற்றங்களையும் பற்றி 1770-இல் ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார். சூரத்து நாட்டியப் பெண்களைப் பற்றி அதில் எழுதும்போது சொல்கிறார்: அவர்கள் மார்பு உருக்குலையாமல் இருப்பதற்காக, மிக இலேசான மரத்தில் செய்த இரண்டு கூடுகளுக்குள் அதை வைத்து, அவற்றை ஒன்றாக இணைத்து முதுகுப் பக்கம் கொக்கி மாட்டிக்கொள்கிறார்களாம். அந்த மரம் அத்தனை வழவழப்பாம். உடம்பு எப்படி அசைந்தாலும் அதுவும் சேர்ந்து வளையுமாம். வெளிப்பக்கம் தங்கத் தகடு போர்த்தி வைரம் பதித்திருக்குமாம். ரேனால் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். போய் வந்தவர்கள் சொன்னதையும் எழுதியதையும் தொகுத்தவர். ஆனால் புஸ்தகம் ஐரோப்பா முழுவதும் பரவியது. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். அவர்களைப் பார்த்து வேறு சிலர் எழுதினார்கள். இப்படியாக நம் நாட்டியக்காரிகள் எத்தனையோ வருஷ காலம் காகிதத்தில் மரச் சட்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

இதை என் அக்காள் பெண்ணின் நாட்டிய ஆசிரியையிடம் படித்துக் காட்டினேன். அறுபது வயது அம்மையார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாடியா பல்லாங்குழியா? தில்லானா ஆடினால் சோழி உருளுகிற சத்தமில்லையா கேட்கும்!" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உட்கார்ந்துகொண்டு பார்க்கிறவனுக்கு எல்லாமே வளையும் அம்மா" என்றார்.

உண்மையான நாட்டியப் பெண்களைப் பாரிஸ்காரர்கள் கண்ணால் பார்க்க 1838 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் தர்திவேல் என்ற ஒரு வியாபாரி புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி, கடலூருக்கு அருகே திருவஹீந்திரபுரத்துப் பெருமாள் கோயிலில் ஆடிவந்த பெண்களையும் அவர்களுடைய வாத்தியக்காரர்களையும் கப்பலேற்றி அழைத்துப் போனார். பாரிஸில் ஆடினார்கள், பிறகு லண்டனில் அடெல்பி நாடகசாலையில் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண் பெரும் புகழ் பெற்றாள். ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். தெயோஃபில் கோத்தியே என்ற கவிஞர் லா பிரெஸ் பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதினார். அவள் முகம், நிறம், ரவிக்கை, ரவிக்கைக்கும் கீழாடைக்கும் நடுவில் தெரிந்த இடுப்பு ஒன்றையும் விடவில்லை.  அவர்கள் போட்டிருந்தது குட்டையான, உடம்போடு ஒட்டிய ரவிக்கை. 

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறு. பாரிஸ்காரர்களுக்கு 'பயதேர்' என்றால் அதற்கு எட்டு வருஷம் முன்னே, 1830-இல், ஓர் இசை நாடகத்தில் இந்திய நாட்டியப் பெண்ணாக ஆடிய மரீ தாக்லியோனிதான். அந்தக் காலத்து பாலே நாட்டியக்காரியின் மேலங்கி எலும்பு வைத்து இறுக்கித் தைத்தது. திமிங்கில எலும்பு என்று பெயர். உண்மையில் எலும்பு அல்ல, திமிங்கிலத்தின் வாயில் சீப்புப் பல் போலத் தொங்கும் தகடு. அதைக் கீற்றுக் கீற்றாக அறுத்துத் துணிக்குள் நுழைத்து, முதுகுப் பக்கம் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு, காற்றில் மிதக்கிற தேவதையாக ஆட வேண்டும்! நம் பெண்களை மரக் கூட்டில் அடைத்து எழுதிய தேசத்தில் நிஜமாகவே கூட்டுக்குள் அடைபட்டு ஆடியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். திருவஹீந்திரபுரத்துப் பெண்கள் அதைப் பார்த்து என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? அவர்களிடம் பத்திரிகை இல்லை.

திமிங்கிலத் தகட்டுக்கும் நடனத்துக்கும் நடந்த சண்டையில் ஒரு முக்கியமான திருப்பம் 1910 வாக்கில் நியூயார்க்கில் ஏற்பட்டது. அது ஒரு சாதாரண அறையில், ஒரு பெண்ணின் கோபத்தில் பிறந்தது. மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்று ஒரு பணக்கார வீட்டுப் பெண். பத்தொன்பது வயது. அன்றைக்கு அவள் ஒரு நடன விருந்துக்குப் போக வேண்டும். மெல்லிய துணியில் தைத்த கவுன். அதற்கு அடியில் அந்தக் காலத்து வழக்கப்படி கார்ஸெட் என்ற எலும்புச் சட்டையைப் போட்டால், அதன் மேல் விளிம்பு கவுனுக்கு மேலே எட்டிப் பார்த்தது. பெண் கார்ஸெட்டைக் கழற்றி எறிந்தாள். மரீ என்ற தன் வேலைக்காரியைக் கூப்பிட்டு, இரண்டு பட்டுக் கைக்குட்டை, கொஞ்சம் இளஞ்சிவப்பு ரிப்பன், ஊசி, நூல் எடுத்து வரச் சொன்னாள். இரண்டு கைக்குட்டைகளையும் சேர்த்துத் தைத்து, ரிப்பனைத் தோளுக்கும் முதுகுக்கும் கட்டினார்கள். அன்றிரவு அவள் மற்றப் பெண்களைவிட இலேசாக ஆடினாள். நடன இடைவேளையில் தோழிகள் சூழ்ந்துகொண்டு, "நீ மாத்திரம் எப்படி இப்படி ஆடுகிறாய்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தாள். பிறகு முன்பின் தெரியாத ஒருவர் ஒரு டாலரை உறையில் வைத்து அனுப்பி, எனக்கும் ஒன்று வேண்டும் என்று எழுதியபோதுதான் இதில் வியாபாரம் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

1914 நவம்பர் 3-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம் அவளுக்குக் காப்புரிமை கொடுத்தது. முதுகு திறந்த பிரேஸியர் என்றே அதற்குப் பெயர். முதுகு இறக்கமான மாலை உடுப்புகளுக்கு அடியில் போடுவதற்கு ஏற்றது. டென்னிஸ் ஆடுவது போன்ற கடும் அசைவுக்கும் நிற்கும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். இதைப் படித்தபோது என் அக்காள் பெண்ணின் முக்கால் அடி முதுகு வெட்டு ஞாபகம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக அதே சிக்கல்! கொஞ்ச நாள் இரண்டு பெண்களை வைத்துத் தைத்து விற்றுப் பார்த்தாள். பிறகு வார்னர் கம்பெனிக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு உரிமையை விற்றுவிட்டாள். கம்பெனி கொழுத்தது. அவள் பின்னாளில் காரெஸ் கிராஸ்பி என்ற பெயரில் பாரிஸில் புஸ்தகப் பதிப்பாளராக விளங்கினாள். எழுத்தாளர்கள் அவளை அப்படித்தான் அறிவார்கள்.

அவளுக்கு முன்பே ஹெர்மினி கடோல் என்ற பிரெஞ்சு மாது 1889-இல் கார்ஸெட்டை இரண்டாக வெட்டி மேல் பாதியைத் தனியாக்கியிருக்கிறார். அதற்கும் முன்னால் என்று பார்த்தால், ஆஸ்திரியாவில் லெங்பெர்க் என்ற கோட்டையின் மாடித் தளத்துக்கு அடியில் அடைத்திருந்த பழந்துணிக் குப்பையை 2008-இல் கிளறினார்கள். அதில் பதினைந்தாம் நூற்றாண்டு லினன் துணியில், கிண்ணம் கிண்ணமாக வெட்டித் தைத்த உள்ளாடைகள் கிடைத்தன. ஓரத்தில் பின்னல் வேலை கூட இருந்தது. ஆகவே 'முதன் முதலில் கண்டுபிடித்தவர்' என்ற பட்டத்தை யாருக்கும் கட்டிவிட வேண்டாம். எந்த ஊரிலோ எந்த அறையிலோ ஒரு பெண்ணும் ஒரு ஊசியும் சேர்ந்து ஒவ்வொரு தலைமுறையிலும் இதைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். எனக்கு ஆவல், அந்த மரீயைப் பற்றித்தான். உத்தரவு போட்டது எஜமானி. அந்தக் கைக்குட்டைகளை எந்த மூலையில் மடித்தால் உடம்புக்கு நிற்கும் என்று ஊசி பிடிக்கத் தெரிந்தவள் சொல்லாமலா இருந்திருப்பாள்? காப்புரிமைப் பத்திரத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

எகிப்து தேசத்தில் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். கெய்ரோவில் பதியா மஸப்னி என்ற அம்மையார் 1926-இல் ஒரு கேளிக்கை அரங்கம் திறந்தார். மேல்நாட்டுப் பாணி மேடை. அதற்கு முன் கூடங்களிலும் கல்யாண வீடுகளிலும் சட்டையும் மேல் அங்கியும் போட்டு ஆடிய நடனம், பெரிய மேடைக்கு வந்தபோது உடுப்பும் மாறியது. மணியும் ஜரிகையும் வைத்துத் தைத்த மார்க்கச்சு ஒன்று, இடுப்புப் பட்டை ஒன்று. ஹாலிவுட் படங்களில் காட்டிய 'கீழ்த்திசை' உடையின் சாயலும் அதில் சேர்ந்துகொண்டது. தஹியா கரியோகாவும் சாமியா கமாலும் அங்கிருந்து புறப்பட்டவர்கள்தாம். உள்ளாடையை எப்படி மறைப்பது என்று மற்றவர்கள் திண்டாடியபோது, இங்கே உள்ளே இருந்ததையே வெளியே கொண்டுவந்து மணி தைத்துவிட்டார்கள்! ஆனால் மணிக்குக் கனம் உண்டு. அதனால் தைக்கத் தெரிந்தவர்கள் முதலில் செய்கிற காரியம், கடையில் வாங்கிய உள்ளாடையின் இழுபடும் எலாஸ்டிக் பட்டைகளை வெட்டி எறிவது. இழுபடாத கெட்டித் துணியில் புதுப் பட்டை வைத்த பிறகுதான் மணியைத் தொடுவார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு மின்னுவது மணி; ஆடுகிறவளுக்கு அந்தப் பட்டைதான் பாதுகாப்பு.

சென்னைக்குத் திரும்புகிறேன். 1935 டிசம்பரில் அடையாற்றில் ருக்மிணி தேவி முதன் முதலாக மேடை ஏறினார். கோயிலிலும் கச்சேரியிலும் சதிர் ஆடியவர்கள் அதுவரை பைஜாமாவின் மேல் புடவையைச் சுற்றி, இறுக்கமான ரவிக்கை போட்டு ஆடினார்கள். அந்த உடை கண்ணுக்கு உகந்ததாக இல்லை என்று அவருக்கு அபிப்பிராயம். கோயில் சிற்பங்களைப் பார்த்துப் புது உடையைக் கற்பனை செய்தார். அதைத் துணியில் வெட்டித் தைக்க அவருக்கு உதவியவர் அடையாற்றில் இருந்த கஸான் என்ற இத்தாலியத் தையல்கார அம்மையார். விசிறி மடிப்பு வைத்துத் தைத்த கீழாடை, தனி மேலாக்கு, உடம்போடு ஒட்டிய ரவிக்கை எல்லாம் அந்த வழியில் வந்தவை. பாலசரஸ்வதியோ கடைசி வரை தைத்த உடுப்புக்கு மாறவில்லை. பட்டுப் புடவையை உடுத்தித் தம் வழக்கப்படியே ஆடினார். இருவரில் யார் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். ரஸிகர்கள் அந்தச் சண்டையை அறுபது எழுபது வருஷம் போட்டு ஓய்ந்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதுதான். சிற்பத்தைப் பார்த்து வரைந்த உடுப்பை உயிருள்ள பெண் போட்டுக்கொண்டு ஆட வேண்டுமானால், நடுவில் ஊசி பிடித்த ஒருத்தி வேண்டும். கல் சொல்லாததை அவள்தான் சொல்ல வேண்டும்.

அது என்ன என்று கேட்டால், ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கில வைத்தியர் 1840-இல் அறுத்துப் பார்த்து எழுதி வைத்தார். மார்பகத்துக்குத் தன்னைத் தாங்கிக்கொள்ளத் தசை கிடையாது. தோலும், உள்ளே மெல்லிய நார்களும்தான். அந்த நார்களுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. குதிக்கும்போது மேலும் கீழுமாக மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசையும். வலி அதனால் வருவது. அதைத் தோள் பட்டையில் தொங்க விட்டால் தோள் அறுபடும். விலாவைச் சுற்றிய பட்டையில் ஏற்றினால் எலும்புக்கூடு தாங்கிக்கொள்ளும். நம் கொண்டை போட்ட அம்மாள் வைத்தியர் புஸ்தகம் படித்தவர் அல்ல. நாலு விரல் பட்டையை அவர் முதலில் விலாவைச் சுற்றித்தான் கட்டினார். தோளுக்குப் பிறகுதான் போனார்.

கடைசியாக ஒன்று. 1977-இல் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்தில் லிஸா லிண்டால் என்ற பெண் தினம் ஓட்டப் பயிற்சி செய்பவர். ஓடும்போது படும் வேதனைக்குக் கடையில் எதை வாங்கியும் தீரவில்லை. அவருடைய பால்ய சிநேகிதி பாலி ஸ்மித், அங்கே ஷேக்ஸ்பியர் நாடக விழாவுக்கு உடுப்புத் தைக்க வந்திருந்தவர். உதவியாக ஹிண்டா மில்லர். பாலி எத்தனையோ மாதிரி தைத்துப் பார்த்தார், ஒன்றும் சரிப்படவில்லை. விளையாட்டு வீரர்கள் கட்டிக்கொள்ளும் ஜாக்ஸ்ட்ராப்பை — நம் பயில்வான்களின் லங்கோட்டுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள் — லிஸாவின் கணவர் வேடிக்கைக்காகத் தம் மார்பில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாலி சிரித்துவிட்டு யோசித்தார். இரண்டு ஜாக்ஸ்ட்ராப்புகளை எடுத்து, ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, பட்டைகளை முதுகில் குறுக்காகப் போட்டார். லிஸா அதை மாட்டிக்கொண்டு ஓட, ஹிண்டா அவருக்கு முன்னால் பின்புறமாகவே ஓடிக்கொண்டு, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாராம். இன்று விளையாட்டுக்காரப் பெண்கள் எல்லோரும் அணியும் உள்ளாடைக்கு மூலம் அது. வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாடக உடுப்பறையில் தைத்த சாமான்! இந்தத் தடவை தைத்தவள் பெயரும் பத்திரத்தில் ஏறியிருக்கிறது. 1910-இல் இரண்டு கைக்குட்டை. 1977-இல் இரண்டு லங்கோடு. ரேனாலின் இரண்டு மரக் கிண்ணங்கள் புஸ்தகத்தோடு சரி.

இவ்வளவும் படித்த பிறகு அந்த அம்மாளைத் தேடினேன். அரங்கேற்றத்துக்கு ஒப்பனை செய்தவரைக் கேட்டதில், "பின்னல் அம்மா என்றுதான் கூப்பிடுவோம், மாம்பலத்தில் இருந்தார்கள், மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்" என்றார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்காள் பெண் இப்போது நாட்டியம் சொல்லிக் கொடுக்கிறாள். கல்லூரிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அந்த மல் துணிப் பட்டை அவள் சலங்கைப் பெட்டியில் இருக்கிறது. துவைத்துத் துவைத்து மஞ்சள் பூத்துவிட்டது. யாருக்காவது அரங்கேற்ற உடுப்புத் தைக்கக் கொடுத்தால் இவளும் கடைக்குப் போகிறாள். தைத்தவர் டாட் பிடித்த அழகையும் கிராஸ் கட்டிங் அழகையும் கழுத்து வெட்டையும் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். இவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, உடுப்பைப் போட்டுக்கொண்ட பெண்ணைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், "இருபது தடவை குதி" என்பாள். பிறகு கூலியைப் பற்றிப் பேசுவாள்.